ரெப்ரெஷ் செய்தது போன், பழி விண்ணப்பதாரருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்ணப்பக் கட்டணம் செலுத்தும் இணையதளம் ஒன்றில், கடைசி நாளன்று சிலருக்கு இருமுறை பணம் பிடிக்கப்பட்டதாகவும், சிலருக்குப் பணம் போயும் ரசீது வரவில்லை என்றும் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். "தொழில்நுட்பக் கோளாறு" என்று அதிகாரி சொன்னதோடு செய்தி முடிந்துவிட்டது. கூடவே, "பணம் செலுத்தும்போது ரெப்ரெஷ் செய்யக் கூடாது, பேக் பட்டனை அழுத்தக் கூடாது என்று தளத்திலேயே தெளிவாகப் போட்டிருக்கிறோம்" என்று ஒரு விளக்கம் வேறு. அந்த விளக்கத்தைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நான் கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மற்றவர்கள் எழுதிய இணையச் செயலிகளை உடைத்துப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். "ரெப்ரெஷ் செய்யாதீர்கள்" என்ற வாசகத்தைப் பார்த்தாலே எங்களுக்கு விஷயம் புரிந்துவிடும். நிரல் எழுதியவர் செய்து முடித்திருக்க வேண்டிய வேலையை, படிவம் நிரப்புகிறவர் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அந்த எச்சரிக்கைக்குக் கீழ்ப்படியவே பலரால் முடியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில் நினைவகம் குறைவு. பிரவுசரில் விண்ணப்பத்தை நிரப்பி 'பணம் செலுத்து' என்று அழுத்தியதும் யுபிஐ செயலி திறக்கிறது. பிரவுசர் பின்னணிக்குப் போகிறது. நினைவகம் பற்றாக்குறையானால், பின்னணியில் இருக்கும் பக்கத்தை போன் யாரையும் கேட்காமல் கழற்றிவிடும். ரகசிய எண்ணைப் போட்டு, பணம் போய், மறுபடி பிரவுசருக்கு வந்தால், பக்கம் முதலிலிருந்து ஏறுகிறது. சில நேரம் நிரப்பிய படிவமே வெறுமையாக நிற்கிறது. அந்தப் பெண்ணோ பையனோ ரெப்ரெஷ் பட்டன் பக்கமே விரலைக் கொண்டு போகவில்லை. அதைச் செய்தது போன்.

இந்த இடத்தில் தளம் என்ன செய்கிறது என்பதில்தான் வேலையின் தரம் தெரியும். ஒழுங்காக எழுதிய தளம், பிரவுசர் திரும்பி வருவதை நம்பி உட்கார்ந்திருக்காது. பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே, விண்ணப்பதாரரின் போனைத் தொடாமல், தளத்தின் சர்வருக்கே நேரடியாகத் தகவல் அனுப்பும். வெப்ஹுக் என்று பெயர். அந்தத் தகவல் தாமதமாக வரலாம், ஒரே தகவல் இரண்டு முறை வரலாம், பின்னால் வர வேண்டியது முன்னால் வரலாம். இவை எல்லாவற்றையும் எதிர்பார்த்து எழுத வேண்டும். தகவலே வராவிட்டால், 'இந்தப் பரிவர்த்தனை எண்ணுக்கு என்ன ஆயிற்று' என்று தளமே கேட்வேயிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சோம்பலாக எழுதிய தளம் என்ன செய்யும் என்றால், 'வெற்றி' என்ற பக்கத்துக்கு பிரவுசர் வந்து சேர்ந்தால் மட்டும் ரசீது போடும். வழியில் போன் பக்கத்தைக் கழற்றிவிட்டால், சிக்னல் போய்விட்டால், பணம் ஒரு பக்கம், விண்ணப்பம் ஒரு பக்கம்.

இது ஏன் இப்படிப் பரவலாக நடக்கிறது என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை பிரெண்டன் ஐக் 1995-இல், நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்தபோது, பத்தே நாளில் உருவாக்கினார். பட்டனை அழுத்தினால் ஏதோ ஒன்று நடக்க வேண்டும், படிவத்தில் விடுபட்ட கட்டத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும் என்ற அளவில் பிறந்த மொழி. பக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் ஓடும். சர்வரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, பதில் வந்ததும் ஓட வேண்டிய நிரல்துண்டைக் (கால்பேக் என்று பெயர்) குறித்து வைத்துவிட்டு, அது அடுத்த வேலைக்குப் போய்விடும். பட்டன் அழுத்தம், சர்வர் பதில், டைமர் முடிவது எல்லாமே நிகழ்வுகள். வரிசையில் நின்று ஒவ்வொன்றாக உள்ளே வரும். பதிலுக்காகக் காத்திருக்கையிலும் பக்கம் உறைந்து போகாமல் இருப்பது இதனால்தான். 2009-இல் ரயன் டால் நோட்.ஜேஎஸ் என்ற மென்பொருள் மூலம் இதே முறையை சர்வர் பக்கத்துக்கும் கொண்டு வந்தார். கால்பேக்குக்குள் கால்பேக் என்று நிரல் வலப்பக்கமாகச் சரிந்துகொண்டே போன காலம் ஒன்று இருந்தது. ஜாவாஸ்கிரிப்டின் 2015-ஆம் ஆண்டுத் தரநிலையில் பிராமிஸும் (பின்னால் வரப்போகும் பதிலுக்கான சீட்டு), 2017-இல் ஏசிங்க்-அவெய்ட்டும் (பதில் வந்த பிறகே அடுத்த வரிக்குப் போகும் எழுத்துமுறை) வந்து அதை நேராக்கின. இன்று மேலிருந்து கீழே வரிவரியாகப் படித்தால் புரிகிறது.

புரிகிறது என்பதுதான் வில்லங்கம். 'அவெய்ட்' என்ற சொல் உள்ள வரிக்கும் அதற்கு அடுத்த வரிக்கும் நடுவில் மற்ற காரியங்கள் நடந்துகொண்டே இருக்கின்றன. படிக்கிற கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஒரு தேர்வு மையத்தில் ஒரே ஓர் இடம் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரி, இடம் இருக்கிறதா என்று தரவுத்தளத்தைக் கேட்கிறது. இரண்டாவது வரி, இருந்தால் ஒதுக்குகிறது. முதல் விண்ணப்பம் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கையில் இரண்டாவது விண்ணப்பமும் உள்ளே வந்து அதே கேள்வியைக் கேட்கிறது. இரண்டுக்கும் 'இருக்கிறது' என்றே பதில் வருகிறது. இரண்டுக்கும் இடம் கொடுக்கப்படுகிறது. ஒரு நேரத்தில் ஒரு வேலைதானே ஓடுகிறது, எப்படி மோதும் என்று அனுபவம் உள்ளவர்களே என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். பார்ப்பதையும் ஒதுக்குவதையும் தரவுத்தளத்தில் பிரிக்க முடியாத ஒரே செயலாக வைத்தால் மோதாது. அதற்கு வேண்டிய வசதிகள் ஜாவாஸ்கிரிப்டுக்கு முன்பிருந்தே தரவுத்தளங்களில் உண்டு.

வாசகர்கள் தாங்களே பார்த்திருக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். அரசுப் படிவங்களில் மாவட்டம், வட்டம், கிராமம் என்று மூன்று பட்டியல்கள் இருக்கும். மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், அதற்குரிய வட்டங்கள் சர்வரிலிருந்து வரும். அவிநாசிக்காரர் ஒருவர் பழைய ஞாபகத்தில் கோயம்புத்தூர் என்று தொட்டுவிட்டு, (2009 வரை அவிநாசி கோவை மாவட்டம்தானே) உடனே திருப்பூர் என்று மாற்றுகிறார். இப்போது இரண்டு கேள்விகள் சர்வருக்குப் போயிருக்கின்றன. முதலில் கேட்டதற்கு முதலில் பதில் வரும் என்று இணையத்தில் எந்த உத்தரவாதமும் கிடையாது. திருப்பூரின் பட்டியல் முதலில் வந்து உட்காருகிறது. அடுத்த நொடி, தாமதமான கோவைப் பட்டியல் வந்து அதைத் தள்ளிவிட்டு உட்காருகிறது. மேலே மாவட்டம் திருப்பூர். கீழே பொள்ளாச்சி, சூலூர், வால்பாறை. அவிநாசியைக் காணோம். இணையச் சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவர் பழகிய கையோடு மறுபடி மாவட்டத்தைத் தொட்டுச் சரிசெய்துகொள்வார். வீட்டில் தனியாக நிரப்புகிறவர் தன் தாலுகாவையே எடுத்துவிட்டார்களோ என்று திகைப்பார்.

இதைத் தடுக்க ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, கடைசியாகக் கேட்ட எண்ணுக்கு வந்த பதிலை மட்டும் ஏற்றால் போதும். நாலைந்து வரி வேலை. புதிய கேள்வி கிளம்பும்போது பழைய கேள்வியைக் கைவிடச் சொல்லும் அபார்ட்-கன்ட்ரோலர் என்ற வசதியும் இன்றைய பிரவுசர்களிலேயே இருக்கிறது. பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் நெட்வொர்க் வேகத்தைக் குறைத்துவிட்டு இரண்டு மாவட்டங்களை அடுத்தடுத்துத் தொட்டுப் பார்க்க ஒருவருக்கு ஒரு நிமிடம் ஆகுமா? அந்த ஒரு நிமிடத்தை யாரும் செலவழிக்காத படிவங்களைத்தான் மக்கள் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி, இருமுறை பணம் போகும் கதை. 'பணம் செலுத்து' என்று அழுத்தியாயிற்று, பதில் வரவில்லை. கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேராமலே இருந்திருக்கலாம். போய்ச் சேர்ந்து, உள்ளே வேலை தோற்றிருக்கலாம். வேலை கச்சிதமாக முடிந்து, 'முடிந்தது' என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். போனில் உட்கார்ந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். எது நடந்தது என்று அங்கிருந்து அறிய வழியில்லை. அப்போது திரையில் என்ன வருகிறது? "ஏதோ தவறு நடந்துவிட்டது, மீண்டும் முயற்சி செய்யவும்." எங்கள் தொழிலில் மிக ஆபத்தான வாசகம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பணம் போனதா இல்லையா என்று தனக்கே தெரியாத நிரல், இன்னொரு முறை பணம் கட்டச் சொல்கிறது. அப்பாவி மனிதர் கட்டுகிறார்.

இதற்கு மருந்து, காசோலைப் புத்தகத்தில் அச்சடித்துக் கிடக்கிறது. ஒவ்வொரு காசோலைக்கும், பணம் கேட்பதற்கு முன்பே ஓர் எண் உண்டு. அதே எண்ணுள்ள தாளை இரண்டாவது முறை கொண்டு போனால் வங்கி பணம் தராது. இணையதளத்திலும் அப்படியே செய்யலாம். கட்டணப் பக்கம் திறக்கும்போதே அந்த விண்ணப்பத்துக்கென்று ஒரு தனி எண்ணை உருவாக்கி, கோரிக்கையோடு சேர்த்து அனுப்ப வேண்டும். அதே எண்ணோடு இரண்டாவது கோரிக்கை வந்தால், சர்வர் மறுபடி பணம் கேட்காமல் முதல் முறை என்ன நடந்ததோ அதையே பதிலாகத் தர வேண்டும். பத்து முறை அழுத்தினாலும் ஒரு முறைதான் பணம் போகும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. பேமென்ட் கேட்வே நிறுவனங்கள் பல, இந்த எண்ணை ஏற்கும் வசதியைத் தாங்களே தருகின்றன. கேட்டு வாங்கிப் பயன்படுத்தாதது யார் தவறு?

பல தளங்கள் அதற்குப் பதிலாக ஒரு குறுக்குவழி வைத்திருக்கின்றன. பட்டனை ஒருமுறை அழுத்தியதும் மங்கலாக்கி, அழுத்த முடியாதபடி செய்துவிட்டு, ஒரு வட்டத்தைச் சுழலவிடுகிறார்கள். விரைந்து இருமுறை தட்டுகிறவரை இது தடுக்கும். பக்கம் மறுபடி ஏறிவிட்டால் எதையும் தடுக்காது. போதாக்குறைக்கு, பதிலே வராத நேரத்தில் பட்டனைத் திரும்ப எழுப்பிவிடும் வரியை எழுத மறந்துவிடுகிறார்கள். வட்டம் சுழன்றுகொண்டே இருக்கும். சர்வரிடம் தகவல் கேட்கும் ஃபெட்ச் என்ற கட்டளையைப் பயன்படுத்துகிற புதியவர்களுக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது: சர்வர் 500 என்ற பிழை எண்ணோடு பதில் அனுப்பினாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாது. ஏதோ ஒரு பதில் வந்ததா, வந்தது, அவ்வளவுதான். நிலை எண்ணைப் பார்க்காமல் 'விண்ணப்பம் ஏற்கப்பட்டது' என்று பச்சை நிறத்தில் காட்டிய திரைகளை நான் பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் எங்கும் பதிவாகியிருக்காது.

எங்கள் அலுவலக லிஃப்ட் எனக்குப் பிடித்த சோதனைக்கூடம். கதவு மூடும் நேரம் பார்த்துப் பட்டனை அழுத்துவேன். கதவு மூடியதும் சிக்னல் செத்துவிடும். கீழ்த்தளம் வருவதற்குள் கோரிக்கை போயிருக்கும், பதில் வந்திருக்காது. லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் திரையைப் பார்ப்பேன். நல்ல செயலி, "பணம் வந்து சேர்ந்ததா என்று சரிபார்க்கிறோம், மீண்டும் செலுத்த வேண்டாம், உங்கள் விண்ணப்ப எண் இது" என்று சொல்லும். மோசமான செயலியில் வட்டம் சுழலும், அல்லது வெள்ளைத் திரை. லிஃப்டில் கூட வருகிறவர்கள் என்னை விநோதமாகப் பார்ப்பதுண்டு. பார்க்கட்டும். மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ்ஸில் போகிறவருக்கும் மலையடிவாரத்தில் இருக்கிறவருக்கும் நாள் முழுக்க நடப்பது இதுதான். நிரல் எழுதுகிற மேசையில் மட்டும் சிக்னல் அறுவதே இல்லை.

"மெதுவாக, ஒவ்வொன்றாக அழுத்தினால் எல்லாம் சரியாகத்தான் வேலை செய்கிறது" என்று பதில் சொல்கிறவர்களுக்கு நான் தெராக்-25 இயந்திரத்தை நினைவூட்டுவேன். கனடாவில் தயாரான கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம் அது. 1985-க்கும் 1987-க்கும் இடையில் ஆறு நோயாளிகள் அதில் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் இறந்தார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில் 1986-இல் நடந்தவற்றில், இயந்திரத்தை இயக்கியவர் சிகிச்சை வகையைத் தவறாகத் தட்டிவிட்டு, உடனே மேலே போய்த் திருத்தியிருக்கிறார். பழகிய கை என்பதால் சில நொடிகளில் திருத்தம் முடிந்துவிட்டது. அதற்குள் இயந்திரம் தன் காந்தங்களை முந்தைய கட்டளைப்படி அமைக்கத் தொடங்கியிருந்தது. திருத்தத்தை அது கவனிக்கவே இல்லை. திரையில் 'மால்ஃபங்ஷன் 54' (கோளாறு 54) என்று மட்டும் வந்தது. மெதுவாகத் தட்டிப் பார்த்த தயாரிப்பாளரின் பொறியாளர்களால் அந்தப் பிழையை மறுபடி வரவழைக்க முடியவில்லை. மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயந்திரத்தை இயக்கிய அவரும் சேர்ந்து, வேகமாகத் தட்டித் தட்டித்தான் அதைப் பிடித்தார்கள். விண்ணப்பக் கட்டணத்தையும் உயிரையும் ஒரே தராசில் வைப்பதாக யாரும் எண்ண வேண்டாம். பிழையின் சாதி ஒன்றுதான் என்பதற்காகச் சொன்னேன்: நிதானமாகச் சோதிக்கிறவர் கண்ணில் அது படாது.

கடைசி நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால் எந்த சர்வரும் திணறும் என்பது உண்மை. திணறட்டும். மெதுவாக இருப்பதை நான் குறை சொல்லவில்லை. அதிக சர்வர் வைக்க அதிகப் பணம் வேண்டும். மெதுவான தளம் ஒரு கட்டணத்தை இரண்டு முறை வாங்க வேண்டிய அவசியம் என்ன? அது பணம் போட்டுத் தீர்க்கிற விஷயம் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறைந்த விலைக்கு ஒப்பந்தம் எடுத்து, குறுகிய கெடுவில் முடிக்கச் சொல்லி, புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேரை உட்கார வைத்தால், அந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? நேர்காணலில் அவர்களிடம் கேட்கப்படுவது, டைமருக்குப் பூஜ்யம் என்று கொடுத்து, கூடவே ஒரு பிராமிஸையும் வைத்தால் எது முதலில் அச்சாகும் என்ற விடுகதை. பிராமிஸ்தான் முதலில் என்று மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்கள். சர்வரிலிருந்து பதிலே வராவிட்டால் திரையில் என்ன காட்டுவாய் என்று யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை.

2016-இல் வந்த யுபிஐ நம் மக்களுக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்திருக்கிறது. வெற்றி, தோல்வி இரண்டுக்கும் நடுவில் 'பெண்டிங்' என்று ஒரு நிலை உண்டு என்பது காய்கறிக் கடைக்காரருக்கும் தெரியும். அதைப் பார்த்ததும் அவர் பணத்தை மறுபடி அனுப்பச் சொல்வதில்லை. சற்றுப் பொறுக்கச் சொல்கிறார். அந்த மூன்றாவது நிலையைக் காட்டத் தெரியாத தளங்கள் அவரிடம்தான் பாடம் கேட்க வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை "தொழில்நுட்பக் கோளாறு" என்று யாராவது சொன்னால், செய்தியாளர் அங்கேயே நிறுத்தாமல் தொடர்ந்து கேட்க வேண்டும். ஒவ்வொரு கட்டணக் கோரிக்கைக்கும் தனி எண் இருந்ததா? போன் பக்கத்தை மறுபடி ஏற்றினால் விண்ணப்பம் என்ன ஆகும் என்று சோதித்தார்களா? பணம் வந்து ரசீது போகாதவர்களின் பட்டியலை கேட்வேயின் கணக்கோடு தினமும் ஒப்பிட்டார்களா? பதில் சொல்ல முடியாமல் திணறினாலே பாதி செய்தி கிடைத்துவிடும். ஒப்பந்தப் புள்ளி கோரும் அலுவலகங்களும் இவற்றை நிபந்தனையாகவே எழுதிவிடலாம்.

அதுவரை, பணத்தை விட்டவர்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்றை எழுதி முடிக்கிறேன். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, யுபிஐ வழியாக ஒரு வணிகருக்குச் செலுத்திய பணம் கணக்கிலிருந்து பிடிக்கப்பட்டு, அவருக்கு உறுதிப்பாடு போய்ச் சேராவிட்டால், பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு ஐந்து நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் புகார் செய்யக் காத்திராமல் தர வேண்டும். வங்கியிடம் எழுத்துமூலம் புகார் செய்து 30 நாட்களில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் இரண்டு முறை செலுத்திய பணமும் வெற்றிகரமாகவே போய்ச் சேர்ந்திருந்தால் இந்த விதி உதவாது. வங்கியைப் பொறுத்தவரை தவறே நடக்கவில்லை. வாங்கிய அலுவலகம்தான் திருப்பித் தர வேண்டும். அதற்கு இரண்டு பரிவர்த்தனைகளின் யுடிஆர் எண்களும் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உரிய தனி அடையாள எண்), வங்கிக் கணக்கு அறிக்கையும், விண்ணப்ப எண்ணும் வேண்டும். திரையைப் படம் பிடித்து வைத்திருந்தால் அதையும் இணையுங்கள். குறிப்பாக, "மீண்டும் முயற்சி செய்யவும்" என்று வந்த திரை இருந்தால் அதைத் தொலைத்துவிடாதீர்கள். இரண்டாவது முறை கட்டச் சொன்னது யார் என்பதற்கு அதுதான் சாட்சி.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பீளமேடு, கோயம்புத்தூர்.

(பெயர் வெளியிட வேண்டாம். நான் சோதிக்கும் செயலிகளை எழுதுகிறவர்கள் பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.)